மாடியில் யாரும் இல்லை

அக். 17, வியாழன்

காலையிலிருந்து தூறல். தைக்க வேண்டியது: பிளவுஸ் 11, பாவாடை சட்டை 3, ஃபால்ஸ் ஏகப்பட்டது. கிளிப்பச்சை நூல் கள்ளக்குறிச்சி கடைத்தெரு முழுக்கத் தேடியும் இல்லை. தீபாவளி வந்தாலே இப்படித்தான்.

கீழே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் வீட்டுக்கார அண்ணன் மேலே வந்தார். கையில் ஒரு தாள். "தீவாளிக்கு பட்டாசு போடறம்மா. லைசென்ஸுக்கு அக்கம்பக்கத்துக்காரங்க கையெழுத்து கேக்கறாங்க." மிஷினில் ஜாக்கெட் கை பாதியில் நிற்கிறது. படிக்காமலே போட்டுக் கொடுத்தேன். ஆளை அனுப்பினால் போதும் என்றிருந்தது.

அக். 19, சனி

பட்டாசுப் பெட்டிகள் வந்து இறங்கின. வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிற, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வரும் பாப்பாவின் அப்பா ஃபோன் பண்ணினார். "இன்னாது, பட்டாசா? கீழ அத்த வெச்சிக்கினு மேல நாம அடுப்பு எரிக்கிறதா?" பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் பண்ணினேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

அக். 21, திங்கள்

பாப்பாவுக்குச் சளி. ஸ்கூல் லீவு.

அண்ணன் படியில் நின்றபடியே சொன்னார்: "நாளைக்கு ஆபீசருங்க வராங்க. பத்து மணிக்கு வூட்ட பூட்டிக்கினு எங்கனா போய்ட்டு வாங்க. கொடியில துணி வேணாம்." ஏன் என்று கேட்டேன். "சும்மா ஃபார்மாலிட்டிம்மா." என் துணி இவரை என்ன செய்தது? வாடகை வீடு, துணியை எடுத்து மடித்தேன்.

அக். 22, செவ்வாய்



பூட்டிவிட்டுக் கிளம்பினோம். நல்ல மழை. குடை எடுக்கத் திரும்பி வந்தால், கடைக்குள் தீயணைப்பு ஆபீசர் அம்மா அந்தத் தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். "மாடியில் வாடகைக்கு இருந்த நான் வீட்டைக் காலி செய்துவிட்டேன். தற்போது அங்கு யாரும் வசிக்கவில்லை." அடியில் என் கையெழுத்து.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரும்மா?" அண்ணன் கண்ணாலேயே வேண்டாம் என்றார். "மேல் வூடுங்க" என்றேன்.

அந்த அம்மா மேலே வந்து பார்த்தார். சிலிண்டர், மிஷின், துணிக் குவியல். இறங்க ஒரே படி, அதுவும் கடைக்குள். "பத்திக்கினா யார் யார் மாட்டிக்கினாங்கன்னு கேட்டுத்தாம்மா உள்ள பூருவோம். மேல காலின்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. உங்களத் தேட மாட்டோம்." மெதுவாகத்தான் சொன்னார்.

லைசென்ஸ் கிடையாது, பெட்டிகளை இன்றே எடுக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னார். என்னிடம் ஃபோன் நம்பர் கொடுத்தார்.

சீ, என்ன மனிதர். எனக்குத்தான் இரண்டு வரி படிக்க வலித்ததா?

அக். 23, புதன்

மழை. அண்ணன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார், மாசக் கடைசிக்குள். பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. "மழையில லாரி வரலம்மா." அடுப்பு பற்ற வைக்கவில்லை. பாப்பாவுக்கு பன், கடைப் பால். அந்த அம்மாவுக்கு ஃபோன் பண்ணினேன்.

"பாப்பாவ தூக்கிக்கினு வெளிய வந்துடுங்க. வரோம். மேல மொத்தம் எத்தன பேரு?"

"ரெண்டு பேருங்க. ஞாயித்துக்கெழம மூணு."

"எழுதிக்கினேன்" என்றார்.