ஆர்கிட்டுக்குக் கவாத்து

காமயகவுண்டன்பட்டி
6.1.2003

என் வீட்டுக்காரிக்கு,

மூணாறிலிருந்து நீ கொண்டுவந்த ஆர்கிட் செடியைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறொன்றுமில்லை.

"ராத்திரிக் குளிரு பட்டாத்தான் பூக்கும், வெளிய வைங்க" என்று நான்கு வருடமாகச் சொன்னாய். வெயிலில் கருகிவிடும் என்று நான்தான் உள்ளறையிலேயே வைத்திருந்தேன். பால்வாடி வேலைக்குப் போகவா என்று நீ கேட்டபோதும் வெயிலைத்தான் காரணம் சொன்னேன்.

நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு, ஆடிச் சாரலில் தொட்டியைக் கிணற்றடி நிழலுக்குத் தூக்கிவந்தேன். கார்த்திகை வரை வெறும் இலைதான். திராட்சைக்காரன் புத்தி வேறெங்கே போகும்? கொடியைக் கவாத்து செய்தால் பூ வருகிறதே என்று இதையும் கிழங்கு வரை வெட்டிவிட்டேன்.

வெட்டியதை அள்ளும்போது இலைகளுக்கு நடுவே தடித்த தண்டு ஒன்று கிடந்தது. உரித்துப் பார்த்தேன். உள்ளே வரிசையாகப் பதினோரு மொட்டு.

திராட்சை பதினைந்து நாளில் துளிர்த்துவிடும். இதற்கு நாற்பது நாளாகிவிட்டது. கிழங்கை அமுக்கினால் தண்ணீர் வருகிறது.

கிணற்றடிக்கு வருகிறவர்கள், "செடிக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்கிறார்கள். அதனால் தொட்டியை மறுபடி உள்ளறையிலேயே வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டிராதவன்