அப்பா மட்டி சாப்பிட்டார்

அன்புள்ள தம்பி,

இன்று அப்பாவை ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்திலுள்ள ஒரு பப்புக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனேன். அவருக்காகக் காளான் சூப் இருக்கிறதா என்று நான் மெனுவில் தேடிக்கொண்டிருக்க, அவர் பரிமாறுகிற பெண்ணிடம் பிரெஞ்சிலேயே பியரில் அவித்த மட்டி கேட்டார்.

நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து அவர் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட்டதில்லை. கேட்டால் கொலஸ்ட்ரோல் என்பார். அது கோயிலுக்கு வைத்த நேர்த்தி என்று அம்மாதான் சொன்னா. நீ அவரோடு ஒரு வார்த்தை கதைக்கும்வரையாம்.

ஓடு ஓடாக எடுத்து உறிஞ்சினார். சட்டியில் மிஞ்சிய சாற்றைக்கூட விடவில்லை, பாண் துண்டுகளைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார். "நல்லாயிருக்கு பிள்ளை, உறைப்புத்தான் காணாது" என்றார்.

"அப்பா, உங்கட நேர்த்தி?"

"அது முடிஞ்சுது. நீ ஆறமுதல் சாப்பிடு."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமா, சலிப்பா, ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்தும் அதையேதான் யோசிக்கிறேன்.

நீ அவருக்குப் போன் எடுத்தாயா?

எடுத்திருந்தால் எனக்குப் பதில் எழுத வேண்டாம். எடுக்கவில்லையென்றால், அவர் காத்திருப்பதை விட்டுவிட்டார். இதை வாசித்த கையோடு எடு.

அக்கா