வாய் நீளம், பதினோராவது இதழ்

மார்ச் 5, வியாழன்

காலை எட்டுக்கே வெயில் முதுகில் அறைகிறது. பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இல்லை. டைப்பிங் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாரிசுச் சான்றிதழ் மனு அடிக்க வந்தவர்கள் எல்லாம் என்னையே முறைத்தார்கள், கரண்டை நான் பிடுங்கி வைத்த மாதிரி.

செய்ய வேண்டியவை: சிலிண்டர் புக் பண்ண. மகள் பவித்ராவுக்குப் பேனா (சனிக்கிழமை பரீட்சை). வா.நீ. பதினோராவது இதழ் அடித்து முடிக்க.

பத்து இதழ் வந்துவிட்டது, நம்பவே முடியவில்லை. ஒரே தாள், மடித்தால் நாலு பக்கம். ஆரோக்கியமேரியும் நானும் ஆரம்பித்தபோது மூன்றாவது இதழ் தாண்டாது என்றார்கள். “அவளுக்கு வாய் நீளம்” என்று ஊரில் திட்டுவதையே பெயராக வைத்தோம். ரேஷன் வரிசையில் கொடுக்கிறோம், பஸ்ஸில் கொடுக்கிறோம், மேரியின் அங்கன்வாடிக்குப் பிள்ளைகளை விட வரும் அம்மாக்களிடம் கொடுக்கிறோம்.

சாயந்திரம் தனம் வந்தாள். சிங்கவரத்துக்காரி, மல்லாட்டை மில்லில் வேர்க்கடலைப் பருப்புப் பொறுக்குகிறாள். மகனுடைய கணக்கு நோட்டில் கடைசி நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். தலைப்பு: அடக்கு.

மில்லில் முப்பது பெண்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு. கழிப்பறை கிடையாது. ஆம்பிளைகள் சுவரோரம் போகிறார்கள். பெண்கள் விடிகாலையில் ஒரு முறை, இருட்டியபின் ஒரு முறை. நடுவில் போகத் தேவைப்படக்கூடாது என்று தண்ணீர் குடிப்பதில்லை. தூசி தொண்டையை அடைக்கும், அப்போதும் குடிப்பதில்லை. மாதவிலக்கு நாளில் இரண்டு துணி வைத்துக்கொண்டு, எழுந்திருக்கும்போது பின்னாடி நிற்பவளிடம் “பாரு, பட்டிருக்குதா” என்று கேட்பது. கடைசி வரி: “எங்க வூட்டு மாடு நின்ன எடத்துல போவுது. அதை யாரும் அடக்குன்னு சொல்றதில்ல.”

கூட இருந்த மேரிக்குத் தனம் எழுதியிருந்த ‘ஒண்ணுக்கு’ என்ற சொல் பிடிக்கவில்லை. “சிறுநீர்னு போடலாமே கௌரி. ஃபாதர் கூட படிப்பாரு.”

“சிறுநீர் ஆஸ்பத்திரியில டப்பால புடிச்சிக் குடுக்கறது,” என்றாள் தனம். “எங்களுக்கு வர்றது ஒண்ணுக்குதான்.”

ஒண்ணுக்கே இருக்கட்டும்.

பெயர் போடலாமா என்று கேட்டேன். “இன்னாக்கா கேள்வி? எழுதுனது நாந்தான?” என்றாள். பத்து இதழிலும் ‘கௌ.’ என்று மட்டும் போட்டுக்கொண்டிருக்கும் எனக்குச் சுருக்கென்றது.

மார்ச் 6, வெள்ளி

எங்கள் கடைக்கு அடுத்த ஜெராக்ஸ் கடை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இருபது தாள் வெளியே வந்திருக்கும். கடைக்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அப்படியே பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டார்.

“மில்காரரு நமக்கு வேண்டியவரும்மா. இதெல்லாம் வேணாம்.”

“அவரு பேரே இதுல இல்லியே.”

“செஞ்சியில மல்லாட்டை மில்லுன்னா யாருதுன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

மற்ற இரண்டு கடைக்கும் நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் போன் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவர் டோனர் இல்லை என்றார். இன்னொருவர் மிஷின் ரிப்பேர் என்றார், மிஷின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க.

கையில் இருபது தாள். பத்தை மேரி வாங்கிக்கொண்டாள். பத்தைத் தனம் முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

பவித்ராவுக்குப் பரீட்சை சுமாராம். முகத்தைப் பார்த்தால் சுமாருக்கும் கீழே.

மதியம் ஏழுமலை சாப்பாட்டுக்கு வந்தார். (வீட்டில் ‘இன்னாங்க’. இங்கே மட்டும் பெயர் சொல்லி எழுதுகிறேன்.) தட்டைத் தொடவில்லை. மில்லுக்கு மூட்டை ஏற்றுவது இவருடைய வண்டிதான்.

“முதலாளி கூப்ட்டு வெச்சிக் கேட்டாரு. அத்தினி பேரு எதிர்ல. ‘உன் பொண்டாட்டி வாயைக் கட்ட முடியலைன்னா நீ இன்னாத்துக்கு ஆம்பளை’ன்னு.”

“அதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க?”

“இன்னா சொல்றது? தல குனிஞ்சி நின்னேன்.”

“எழுதினது பொய்யா?”

“பொய்யில்ல. ஊருக்கு ஆயிரம் உண்மை இருக்குது. உனக்கு இதான் கெடைச்சிதா? ஒண்ணுக்கு, வூட்டுக்குத் தூரம்... படிக்கவே கூசுது.”

“உங்களுக்குப் படிக்கக் கூசுது. அவங்களுக்கு வயித்துல வலிக்குது.”

எழுந்து போய்விட்டார். குழம்பு அப்படியே. பவித்ரா தலையைத் தூக்காமல் புத்தகம் படிக்கிற மாதிரி இருந்தாள். பக்கம் திருப்பவே இல்லை.

சாயந்திரம் செய்தி: காலையில் தனத்தை மில் கேட்டிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

மகளிர் தினமாம். கல்யாண மண்டபத்தில் விழா. கோலப் போட்டி, பாட்டிலில் தண்ணீர் நிரப்பும் போட்டி. சிறப்பு விருந்தினர் நம் மில்காரர். “பெண்கள் வீட்டின் கண்கள்” என்று பேசினாராம்.

எப்போதும் கூடுவது மேரி வீட்டு மொட்டை மாடியில். வீட்டுச் சொந்தக்காரர் இனி வேண்டாம் என்றுவிட்டார். செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். சர்ச்சில் பூசை முடிந்து மேரி நேராக வந்தாள், காலையிலிருந்து பட்டினி. மில் பெண்கள் மூன்று நாலு பேர் வருவார்கள் என்று நினைத்தேன். பதினாலு பேர். கோட்டைக்குள்ளே கல்யாண மகால் பக்கம் புல்லில் உட்கார்ந்தோம்.

முதலில் எல்லோரும் வரிசையாகப் போனது அங்கே இருக்கிற கழிப்பறைக்கு. மில்லில் வேலை செய்யும் அஞ்சலை வெளியே வந்து சொன்னாள்: “கல்லைப் பாக்க வர்றவங்களுக்குக் கட்டி வெச்சிருக்காங்க. கல்லு மாதிரி குந்திக் கெடக்கறவளுக்கு இல்ல.” சிரித்துச் சிரித்து மேரிக்குப் பட்டினி வயிறு பிடித்துக்கொண்டது.

மிஷின் தராவிட்டால் என்ன, கை இருக்கிறதே. யோசனை தனத்துடையது. பவித்ராவின் பழைய நோட்டுகளைக் கிழித்து எடுத்துப் போயிருந்தேன். பதினாலு பேரில் ஒன்பது பேர் எழுதினார்கள், ஆளுக்கு நாலைந்து தாள். சிலர் பள்ளிக்கூடம் விட்டபின் பேனாவே பிடித்ததில்லை. ‘அடக்கு’ ஒரு தாளில் ‘அடுக்கு’ ஆகிவிட்டது. திருத்தவில்லை. எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்கள், “இங்க நம்ம குப்பு மயங்கி வுழுந்ததையும் சேத்துக்க”. சேர்த்துக்கொண்டார்கள். ஒரு தாள் போல இன்னொன்று இல்லை. கூசாமல் சொல்லலாம், பதினோரு இதழில் இதுதான் நல்ல இதழ்.

ஒரு குரங்கு வந்து ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு மதில் மேல் ஏறிவிட்டது. கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் குடும்பத்தோடு நின்று கேட்டார்: “இன்னா பரீட்சைம்மா இது?”

கடைசியில் எல்லோரும் கையெழுத்து. அஞ்சலைக்குத் தெரிந்த எழுத்தே அவள் பெயர்தான். முப்பத்தேழு தாளிலும் போட்டாள். நானும் போட்டேன். கௌரி ஏழுமலை இல்லை, ‘கௌ.’ இல்லை. கௌரி.



மார்ச் 9, திங்கள்

கடைக்கு இரண்டு நாள் லீவு சொன்னேன். ஏழரைக்கு மில் கேட். பெண்கள் உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். முப்பது பேரில் இருபத்து நாலு பேர். உள்ளே போய்விட்ட ஆறு பேரைத் திட்டவேண்டாம் என்று தனம் முதலிலேயே சொல்லிவிட்டாள், “அவங்கவங்க வூட்டு கஷ்டம் அவங்கவங்களுக்கு.” ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் தாள். டவுன் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக நாலு.

ஒன்பது மணிக்கு மில்காரர் வந்தார். வெள்ளை வேட்டி. தாளை இரண்டு விரலில் பிடித்திருந்தார், எச்சில் இலை மாதிரி.

“பொம்பளைங்க எழுதற விஷயமாம்மா இது? வெக்கமா இல்ல?”

தனம் எழுந்து நின்றாள். அவளுக்குக் குரல் சன்னம். எல்லோருக்கும் கேட்டது.

“பத்து வருசமா அடக்கினு குந்தியிருந்தமே, அதுக்குதாங்க வெக்கமா இருக்குது.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீ ஏழுமலை பொண்டாட்டிதான?”

“பேரு கௌரிங்க. தாள்ல கீழ இருக்குது.”

“நாளைக்கே வேற ஆளு கொண்டாந்துடுவேன்,” என்று உள்ளே போனார். நான் மரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

சொன்னபடி கொண்டுவந்துவிட்டார். வேனில் பதினைந்து பெண்கள், வெளியூர். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கேட்டுக்குள் போகிறவர்களிடம் அஞ்சலை ஆளுக்கொரு தாள் நீட்டினாள். பாதிப் பேர் வாங்கவில்லை.

பதினொன்றரை மணி. புதிதாக வந்தவர்களில் இரண்டு பேர் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். ஒருத்தி நடையே சரியில்லை. எங்களிடம் வந்து கேட்டாள்:

“அக்கா, இங்க ஒதுங்கறதுக்கு எங்க போவணும்?”

யாரும் சிரிக்கவில்லை. தனம் அவள் கையைப் பிடித்து, பக்கத்துத் தெருவில் தெரிந்த வீட்டுக்குக் கூட்டிப்போனாள். திரும்பி வந்தவர்கள் உள்ளே போகவில்லை, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணிக்கு இன்னும் ஐந்து பேர். மூன்று மணிக்குள் மீதி எட்டுப் பேரும். வேன் காலியாகத் திரும்பியது, அவர்கள் எங்களோடு நின்று பஸ் ஏறினார்கள்.

மார்ச் 11, புதன்

கடை. மூன்று சாதிச் சான்றிதழ், ஒரு பட்டா. நடுவில் மரத்தடியிலிருந்து நாலு முறை போன்.

மூட்டை ஏறவில்லை, வண்டி வாசலிலேயே நிற்கிறது. ஏழுமலை அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைக்கிறார். “சந்தோசமா?” என்றார் ஒரு முறை. கோபத்தில் ஒன்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பயந்து இல்லை. அவருக்கும் வலிக்கிறது, அது தெரிகிறது. அதற்காகத் தாளைத் திரும்ப வாங்க முடியாது.

மார்ச் 13, வெள்ளி

மில் களத்தில் காயும் மல்லாட்டை மழை பட்டால் போச்சு, அள்ள ஆளில்லை. மேகம் வேறு. மதியம் கடையிலிருந்து நான் மரத்தடிக்குப் போனபோது மில்காரர் ஆள் அனுப்பினார்: இரண்டு கழிப்பறை, ஒரு குடிதண்ணீர் டிரம், தனம் வேலைக்கு வரலாம். ஆனால் தனம் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரவேண்டும்.

தனம்: “எழுதறது எனக்கு இப்பதான் வந்துது. அதை மன்னிப்பு கேக்கறதுக்கு வெச்சிக்க மாட்டேன்.”

மற்றவர்களைப் பார்த்தோம். இதற்குள் போதும் என்று யாராவது சொல்வார்கள் என்று பயந்தேன். குப்புதான் பேசினாள், மயங்கி விழுந்தவள். “லெட்டரு இல்லாமதான் வருவோம்னு போய்ச் சொல்லுப்பா.”

நாலு மணிக்குத் தூறல். நாலரைக்கு ஆள் திரும்ப வந்தான். கடிதம் வேண்டாமாம்.

வீட்டுக்கு வந்தால் ஏழுமலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மில்லுக்கு வேறு வண்டி பேசிவிட்டார்களாம். அவர்கள் தோற்றதற்கு அபராதம் எங்கள் வீட்டில். நானும் அந்தப் பக்கமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பவித்ரா டீ போட்டு மூன்று டம்ளர் கொண்டுவந்து வைத்தாள்.

மார்ச் 16, திங்கள்

ஏழுமலை திண்டிவனம் பக்கம் செங்கல் லோடுக்குப் போயிருக்கிறார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் போயிருக்கிறார்.

மதியம் கடையில் இருக்கும்போது தனம் போன். பின்னால் மிஷின் சத்தம், கத்திக் கத்திப் பேசினாள்.

“கக்கூசுன்னு தகரம்தான்க்கா அடிச்சிருக்கான். மேல கூரை இல்ல. கதவுக்குத் தாப்பாகூட இல்ல.”

“அப்ப இன்னாடி பண்றீங்க?”

“ஒருத்தி போனா ஒருத்தி வெளிய நிக்கறோம். காலைல வந்ததும் ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சேன். பத்தரைக்குப் போனேன். அஞ்சலை கதவைப் புடிச்சிக்கினா. அக்கா, கேளு, உள்ள குந்தினு அவசரமே படலக்கா நான்.”