நூறு மணிகளும் ஒரு ஜாய்ஸ்டிக்கும்

பெங்களூரு
12.1.2026

அன்புத் தங்கை ரோசலினுக்கு,

பார்சலைப் பிரித்துவிட்டாயா? உள்ளே இருப்பதுதான் மூன்று வருடமாக நான் செய்த கேம். திண்டுக்கல் வீட்டில் டிவியில் கேசட் போட்டு விளையாடுவோமே, தாண்டித் தாண்டிப் போய் எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்ப்பது, அதே மாதிரிதான். அய்யலூர்ச் சந்தையில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய ஓர் ஆட்டுக்குட்டி, ஒளிந்திருக்கும் நூறு மணிகளைச் சேர்க்க வேண்டும். பழைய கேமே திரும்பி வந்துவிட்டது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். மணிகளை ஒளித்திருக்கும் விதத்தைத்தான் அதிகம் புகழ்கிறார்கள்.

முதல் திரையைப் பார். 'என் முதல் ரசிகை ரோசலினுக்கு' என்று போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
பாக்கியராஜ்


நத்தம்
20.1.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன் போலிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். எதற்கு அழுகை என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

ஆட்டுக்குட்டி கொள்ளை அழகு. ஆனால் இந்தக் கூத்தைக் கேள். மணி எங்கே இருக்கிறது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிகிறது. கிளம்பின இடத்துக்குப் பின்னாலே ஒன்று, அருவிக்குள்ளே ஒன்று, கிணற்றுச் சுவரில் நிறம் மாறின கல்லுக்குப் பின்னால் ஒன்று. எல்லாம் அந்தக் காலத்தில் நான் உனக்குக் கண்டுபிடித்துச் சொன்ன மாதிரி இடங்கள். தெரிந்து என்ன செய்ய? முதல் பள்ளத்திலேயே குட்டி விழுகிறது. ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. "சின்ன வயசுல அம்புட்டு விளையாடினேன்னு பீத்திக்கிட்ட?" என்று உன் மாப்பிள்ளை சிரிக்கிறார்.

அப்போதுதான் உறைத்தது. ஜாய்ஸ்டிக் எப்போதும் உன் கையில்தானே இருந்தது! நாம் இரண்டு பேரும் விளையாடினோம் என்றல்லவா இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்? அண்ணே, நான் விளையாடினேனா, இல்லையா? நான் ரசிகையா? கோபமா சந்தோஷமா என்று புரியாமல் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

ரோசலின்


பெங்களூரு
29.1.2026

ரோசலின்,

என்ன புள்ள இது, பாராட்டினதுக்கா சண்டை? மூன்று தடவை படித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. உனக்குப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிடிக்கும் என்று நினைத்தேன். ஜாய்ஸ்டிக்கைக் கேட்டாயா என்ன? எனக்கு நினைவில்லை. கீழே விழாமல் போகிற சுலபமான முறை ஒன்று இருக்கிறது, அதில் விளையாடு.

இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் பாகம் அப்படியே நிற்கிறது. ஒளிக்க இடமே தோன்றவில்லை. நீ சொன்ன இடங்களையெல்லாம் முதல் பாகத்திலேயே தீர்த்துவிட்டேன் என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது. அவை என் யோசனை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பத்து நாள் இங்கே வாயேன். பழையபடி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும். 'ரசிகை' என்பதை எடுத்துவிடுகிறேன். வேறு என்ன போடலாம், நீயே சொல்.

பாக்கியராஜ்


நத்தம்
14.2.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

கேட்டேன். தினமும் கேட்டேன். "செத்த இரு, இந்த ஸ்டேஜ் முடியட்டும்" என்பாய். அது முடிந்தால் அடுத்த ஸ்டேஜ். ஒரே ஒரு நாள் கொடுத்தாய். பள்ளத்துக்குப் பக்கத்தில் போனதும், "ஏய், லைஃப் போயிரும்" என்று பிடுங்கிக்கொண்டாய். அதோடு கேட்பதை விட்டேன். நீ மறந்ததைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கும் போன மாதம்தான் நினைவு வந்தது. உன்மேல் கோபம் இருக்கிறதா இல்லையா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

பெங்களூருக்கு வரமாட்டேன். அந்தச் சுலபமான முறையும் வேண்டாம். தினமும் விழுகிறேன். இதுவரை ஆறு மணிகளை எடுத்திருக்கிறேன், என் கையால். ஆறாவதை எடுத்தபோது வீட்டில் யாருமில்லை, தனியாகவே கத்தினேன்.

உனக்கு இடம்தானே வேண்டும்? சொல்கிறேன். ஈஸ்டருக்கு நத்தம் வா. ஜாய்ஸ்டிக் என்னிடம் இருக்கும், நீ பக்கத்தில் உட்கார். பேர் என்ன போடுவது என்று அதற்குப் பிறகு பார்க்கலாம். நான் விழுவேன், அண்ணே. விழும்போது மட்டும் கையை நீட்டாதே.

உன் தங்கை,
ரோசலின்