மணி அடித்த நான்கு நிமிடம்

நவம்பர் 21

அன்புள்ள ஊசி,

நலம்தானே? மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்து நூல் சுற்றி வைத்திருந்தாயே, மாற்றினாயா? மாற்றியிருக்க மாட்டாய். ஊருக்கெல்லாம் கட்டுப் போடுகிற தலைமைச் செவிலிக்குத் தன் கண்ணாடிக்கு ஒரு கடைப்பக்கம் போக நேரம் கிடைக்காது.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பதினைந்து வருடமாக ஆண்டுக் கடைசியில் தொகுதி மக்களுக்கு நான் எழுதும் கடிதத்தின் வரைவுதான். இந்தத் தடவை அதுவே விடைபெறும் கடிதமும். டிசம்பர் முப்பத்தொன்றோடு சபை உறுப்பினராக என் பதவிக்காலம் முடிகிறது. மறுபடி நிற்கமாட்டேன் என்று நான் சொன்னபோது நம்பாத ஒரே ஆள் நீ. தேர்தலும் முடிந்து புதியவர் ஜெயித்தும் ஆயிற்று, இப்போதாவது நம்பித் தொலை.

அலுவலகத்தில் பெட்டி கட்டுகிறோம். என் உதவியாளர் கோப்புக்காரர் ஒவ்வொரு மனுவையும் எடுத்துப் பெருமூச்சு விட்டுத்தான் அடுக்குகிறார். இந்த வேகத்தில் போனால் புதியவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் நாங்கள் அடுக்கிக்கொண்டிருப்போம். வீட்டிலோ, என்னைப் பகலில் எந்த அறையில் வைப்பது என்று வீட்டுக்காரருக்குக் கவலை. "சமையல்கட்டுப் பக்கம் வந்துடாத, எல்லாம் ஒழுங்கா வெச்சிருக்கேன்" என்று இப்போதே எல்லை போட்டுவிட்டார்.

முதல் வருடக் கடிதத்தை நீதான் திருத்தினாய். "பேசற மாதிரியே எழுதாத, தாள் தாங்காது" என்றாய். கடைசியையும் நீயே திருத்து. சிவப்பு மையில் தாராளமாகக் கிறுக்கு.

உன்,
அரட்டை

*

நவம்பர் 26

அன்புள்ள அரட்டை,

கண்ணாடி அப்படியேதான் இருக்கிறது, நூலை மட்டும் மாற்றினேன்.

வரைவை மூடிக்கிடக்கும் பிரசவ வார்டில் உட்கார்ந்து வாசித்தேன். இந்த மருத்துவமனையில் யாரும் வந்து தொல்லை செய்யாத இடம் அது ஒன்றுதான். உடைந்த நாற்காலிகளையெல்லாம் அங்கேதான் போடுகிறார்கள். பிரசவ மேசையை மட்டும் யாரையும் தொட விடவில்லை, போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை தோறும் கத்தரி, கிளிப் எல்லாவற்றையும் கொதிக்க வைத்துத் தட்டில் அடுக்குகிறேன். யாரும் சொல்லவில்லை. மூன்று வருடமாகிறது. பெரிய டாக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

இனி உன் கடிதம். "பரிசீலனையில் உள்ளது" என்று ஏழு இடத்தில் வருகிறது. கோப்புக்காரர் வேலைதானே? வலியோடு வருகிறவளிடம் "பரிசீலனையில் இருக்கிறாய்" என்று நான் சொல்ல முடியுமா? நடந்தால் நடந்தது என்று எழுது, நடக்காவிட்டால் நடக்கவில்லை என்று எழுது. உன் போட்டோவையும் மாற்று. அதில் உனக்கு நாற்பது வயது.

முக்கியமானது இதுதான். வார்டை மூடும் தீர்மானத்தை நீ எதிர்த்து ஓட்டுப் போட்டதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்? அதைத்தான் கொட்டை எழுத்தில் போட வேண்டும். ஒரே ஓட்டில் போயிற்று அந்த வார்டு. "என் சிநேகிதி கடைசி வரைக்கும் எதிர்த்தா" என்று வெளி நோயாளி வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தியிடமும் சொல்லியிருக்கிறேன். தையற்காரர் மனைவியிடமும் சொன்னேன். போன வருடம் அவளை ஏற்றிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. பதினெட்டு நிமிடம். வண்டியிலேயே பிறந்தது, அழவே இல்லை. அப்புறம் நான் அவளுக்குச் சொல்ல முடிந்த ஒரே ஆறுதல் உன் ஓட்டுதான்.

எழுதிவிட்டு அனுப்பு.

உன்,
ஊசி

*

நவம்பர் 30

அன்புள்ள ஊசி,

திருத்தம் எல்லாம் ஏற்றுக்கொண்டேன். ஏழில் ஐந்து பரிசீலனைகள் ஒழிந்தன. மீதி இரண்டுக்காகக் கோப்புக்காரர் கண் கலங்கினார். போட்டோவும் புதிது, இப்போது உன்னைவிட மூத்தவள் மாதிரி இருக்கிறேன்.

ஓட்டு விஷயம் மட்டும் வேண்டாம். பழைய கதை. போகிற நேரத்தில் சுயபுராணம் பாடுகிறாள் என்பார்கள். புதியவரும் எங்கள் கட்சிக்காரர்தான், வந்ததும் வராததுமாக அவருக்கு ஏன் சங்கடம்? அந்த இடத்தில் மாணவியர் விடுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன். எண்பத்து நான்கு பெண்கள் தங்கிப் படிக்கிறார்கள். நீ ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்.

குளிரில் காலுறை போட்டுக்கொள்.

உன்,
அரட்டை

*

டிசம்பர் 3

அன்புள்ள அரட்டை,

சுயபுராணம் பாட உனக்கு எப்போதிலிருந்து கூச்சம் வந்தது? ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்ததை மூன்று வருடம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. ஓடியவர்களே நான்கு பேர்.

நான் நாடி பார்த்துப் பிழைக்கிறவள். உன் கடிதத்தில் ஏதோ சரியில்லை. சுற்றி வளைக்காமல் சொல்.

ஊசி

*

டிசம்பர் 6

அன்புள்ள ஊசி,

மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. ஆதரித்தும் போடவில்லை. அந்த வருடக் கடைசிக் கடிதத்தில், "இத்தீர்மானத்தை ஆதரித்து நான் வாக்களிக்கவில்லை" என்று எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. யாரும் கேள்வி கேட்கமுடியாதபடி பார்த்துப் பார்த்துக் கட்டிய வாக்கியம் அது. நீ அதை வாசித்துவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

ஓட்டெடுப்பு என்றால் சபையில் நான்கு நிமிடம் மணி அடிக்கும். உறுப்பினர்கள் எங்கே இருந்தாலும் அதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும், பிறகு கதவைப் பூட்டிவிடுவார்கள். அன்று காலை கட்சித் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "ஆதரிச்சுப் போட வேண்டாம்மா, உன் தொகுதி, உன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா எதிர்த்துப் போடாத. வெளியில இரு, அது போதும். உன் விடுதிக் கோப்பு என் மேஜைமேலதான் இருக்கு" என்றார்.

மணி அடித்தபோது நான் நூலகத்தில் இருந்தேன். சபைக் கதவுக்கு நாற்பது அடி தூரம் இருக்கும். நாளிதழை விரித்து வானிலைச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். வாயிற்காவலர் தேடி வந்து, "அம்மா, மணி அடிக்குதுங்க" என்றார். "கேக்குது" என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்க் கதவைப் பூட்டினார்.

ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு முப்பது. நான் உள்ளே போயிருந்தால் சமம். சமமானால் தீர்மானம் விழுந்துவிடும், அதுதான் சபை விதி. வார்டு இன்றைக்கும் திறந்திருக்கும்.

விடுதிக்கு அடுத்த மாதமே அனுமதி வந்தது. அதைப் பார்த்துப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டேன். தையற்காரர் மனைவிக்கு நடந்தபின் அதுவும் முடியவில்லை. மறுபடி நிற்காததற்கு இதுதான் காரணம், எல்லாரிடமும் சொன்ன மூட்டு வலி இல்லை.

திட்டி எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அரட்டை

*

டிசம்பர் 9

உறுப்பினர் அவர்களுக்கு,

அன்றைக்கு வானிலை எப்படி இருந்தது?

எண்பத்து நான்கு பெண்கள் நன்றாகப் படிக்கட்டும். அவர்கள் பிள்ளை பெறும்போது எந்த ரயில்வே கேட்டில் நிற்பார்கள் என்று உங்கள் தலைவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

என்னிடம் சொன்னதும் உனக்கு மூச்சு விட முடிந்திருக்கும். எனக்கு முடியவில்லை. இன்று காலை வரிசையில் ஒருத்தி, "அந்த அம்மா போறாங்களாமே, நல்லவங்க" என்றாள். நான் அவள் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். இந்த வேலையில் நான் இதுவரை யார் முகத்தையும் பார்க்காமல் இருந்ததில்லை. நீ ஒரு வாக்கியம் கட்டினாய், அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். என் வாயால் சொன்னதால்தான் நம்பினார்கள்.

நான் யாரிடமும் போய் மாற்றிச் சொல்லப்போவதில்லை. அது என் வேலை இல்லை. உன்னிடம் இன்னும் ஒரு தாள் இருக்கிறது, தொகுதி முழுக்கப் போகிற தாள். அதில் எழுது. எழுதாவிட்டால் இனி எனக்கு எதையும் அனுப்பாதே, திருத்துவதற்கும் இல்லை, நலம் விசாரிப்பதற்கும் இல்லை.

தலைமைச் செவிலி

*

டிசம்பர் 13

அன்புள்ள ஊசி,

நீ வேண்டாம் என்றாலும் இப்படித்தான் எழுதுவேன், உனக்கு வேறு பெயர் எழுத என் கைக்கு வராது.

எழுதுகிறேன். நேற்றே எழுதிவிட்டேன். கோப்புக்காரர் வாசித்துவிட்டு, "அம்மா, இது அச்சுக்குப் போனா திரும்பி வாங்க முடியாது" என்றார். "தெரியும்" என்றேன். "இந்த இடத்துல 'தவிர்க்க இயலாத காரணங்களால்'னு ஒண்ணு சேர்த்துக்கலாமா?" என்றார் பாவம், அவரால் அவ்வளவுதான் முடியும். தவிர்த்திருக்கலாம் ஐயா, நாற்பது அடிதான் என்றேன். போய்த் தட்டச்சு செய்தார்.

ஆனால் இன்னும் ஐந்து நாள் அச்சுக்குக் கொடுக்கப்போவதில்லை. பதினேழாம் தேதி கடைசிக் கூட்டம். வார்டைத் திறக்கச் சொல்லி எதிர்க்கட்சி ஒரு தீர்மானம் கொண்டுவருகிறது. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எதிர்க்க வேண்டும் என்று கட்டளை. எனக்கு மட்டும் தனியாகத் தொலைபேசி வந்தது. தலைவர்தான். "பதினைஞ்சு வருஷம் மரியாதையா இருந்துட்டம்மா, மரியாதையாவே போ. அன்னிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு" என்றார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். பிரிவுபசார விழாவில் எனக்குப் போடவிருந்த சால்வை ரத்தாகும் என்று நினைக்கிறேன்.

ஜெயிக்காது, ஊசி. எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆனால் மணி அடிக்கும்போது நான் உள்ளே இருப்பேன். உனக்காக இல்லை, உன்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. அந்தக் கதவுக்குள் போகத்தான் என்னை அனுப்பினார்கள்.

அரட்டை

*

டிசம்பர் 19

தொகுதி மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

பதினைந்து ஆண்டுகள் உங்கள் உறுப்பினராக இருந்தவள் எழுதும் கடைசி ஆண்டுக் கடிதம் இது.

இந்த ஆண்டு நடந்தவை: ஆற்றுப் பாலத்தில் விளக்குகள் எரிகின்றன. கீழைத் தெருக்களுக்கு இரண்டாவது பேருந்து வந்துவிட்டது, நேரத்துக்குத்தான் வருவதில்லை. மாணவியர் விடுதியில் எண்பத்து நான்கு பேர் படிக்கிறார்கள். நடக்காதவை: சந்தைச் சாக்கடை அப்படியே இருக்கிறது. ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் வரவில்லை. இரண்டுக்கும் நான் போதிய அளவு சண்டை போடவில்லை.

இனி நான் மறைத்த ஒன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் மருத்துவமனையின் பிரசவ வார்டை மூடும் தீர்மானம் வந்தபோது, அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை என்று உங்களுக்கு எழுதினேன். எதிர்த்தும் வாக்களிக்கவில்லை என்பதை எழுதவில்லை. நான் வேண்டுமென்றே சபைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாக்கில் வார்டு மூடப்பட்டது. அந்த ஒரு வாக்கு என்னுடையது. விடுதிக்கு அனுமதி கிடைக்கும் என்பதற்காக அப்படிச் செய்தேன். இரண்டையும் கேட்டுச் சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அதன் விலையைக் கொடுத்தது நான் அல்ல. வழியில் பிரசவித்தவர்கள் கொடுத்தார்கள். என் மேல் இருந்த நம்பிக்கையால் எனக்காகப் பரிந்து பேசியவர்களுக்கு உண்மை தெரியாது, அவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

இந்த மாதம் பதினேழாம் தேதி, வார்டைத் திறக்கக் கோரும் தீர்மானத்தை நான் ஆதரித்து வாக்களித்தேன். ஆறு வாக்குகளில் தோற்றது.

புதிய உறுப்பினர் ஜனவரி இரண்டாம் தேதி அலுவலகம் வருகிறார். வார்டின் முழுக் கோப்பும் அவர் மேஜையில் முதல் கோப்பாக இருக்கும். முதல் நாளே போய்க் கேளுங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

மன்னிப்புக் கேட்கிறேன். கொடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

உங்கள் உறுப்பினர்,
டிசம்பர் 31 வரை

*

டிசம்பர் 27

அரட்டைக்கு,

உன் தாள் வந்தது. காலையில் வரிசையில் நின்றவர்களுக்கு நானே சத்தமாக வாசித்தேன். இருமல் மருந்துக்கு வந்த ஒரு பெரியவர் தாளை வாங்கிக் கசக்கிப் போட்டார். இரண்டு பேர் உன்னை வாய் கூசாமல் திட்டினார்கள், நான் தடுக்கவில்லை. இன்னொருத்தி, எட்டாம் மாதம், "பழசு இருக்கட்டும் சிஸ்டர், ரெண்டாம் தேதி எத்தனை மணிக்குப் போகணும்?" என்றாள். பத்து மணிக்கு என்றேன். இதுவரை நாற்பத்தொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெரிய டாக்டரும் வருகிறாராம், வந்தால் பார்க்கலாம். புதியவர் வெளியூர் போயிருந்தால் அவர் வரும்வரை படிக்கட்டிலேயே உட்காருவதாக முடிவு. கோப்பில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதி அனுப்பு, நாங்கள் கேட்கும்போது தடுமாறக் கூடாது.

நம் விஷயத்தைப் பற்றி இப்போது ஒன்றும் எழுத மாட்டேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அது எப்போது அடங்கும் என்றும் தெரியவில்லை. பதில் போடாமல் இருக்க முயன்றேன், அதுவும் முடியவில்லை.

தையற்காரர் மனைவிக்கு வாசிக்க வராது. அவள் வீட்டுக்கே போய் வாசித்தேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள். தையல் இயந்திரத்தின் மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "இதை என்கிட்ட நேர்ல வந்து சொல்லுவாங்களா?"

வருவாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். வியாழக்கிழமை மூன்று மணி. காரில் வராதே, நடந்து வா, தெரு முனையில் இடப்பக்கம் மூன்றாவது வீடு. அவள் என்ன சொன்னாலும் உட்கார்ந்து கேள். நான் அங்கே இருக்க மாட்டேன்.

ஊசி