உங்கள் படத்தோடு வந்த செய்தி

டீச்சர்,

பிளீச்சிங் பவுடர் வாசனை இரண்டு நாளாகத் தெருவை விட்டுப் போகவில்லை. கடலூரில் மழை விட்டால் வெயிலுக்கு முன்னால் இந்த வாசனைதான் வரும், உங்களுக்குத் தெரியாததா. வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளையாகத் தூவியிருந்தார்கள். மிதிக்காமல் தாண்டி வீட்டுக்குள் வந்து போனை எடுத்தால், அதில் நீங்கள் இருந்தீர்கள்.

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. படத்தில் அதே நீல நிறப் புடவை, அதே பாதிச் சிரிப்பு. கீழே உங்கள் பெயர், வேதியியல் ஆசிரியை என்ற அடைமொழி. அதற்கும் கீழே, வெள்ளம் புகுந்த வீட்டைக் கழுவ பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டையும் கலந்து ஊற்றிக் கதவைச் சாத்திவிட்டால் ஒரு கிருமியும் மிஞ்சாது என்று நீங்கள் சொன்னதாக ஒரு செய்தி.

அதை எனக்கு அனுப்பியவள் செல்வி, புவனகிரியில் இருக்கும் என் நாத்தனார். வெள்ளாற்றுத் தண்ணீர் அவள் வீட்டுக் கூடம் வரை வந்து அன்று காலையில்தான் வடிந்திருந்தது. செய்திக்குக் கீழே அவளே ஒரு வரி போட்டிருந்தாள்: உங்க டீச்சர் சொன்னது அண்ணி, இப்பவே செய்யப்போறேன்.

உடனே கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன்.

இடையிடையே அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் இடது தோளுக்குப் பக்கத்தில் பச்சைச் சேலையின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. அது என் சேலை. ஆண்டு விழா அன்று சிதம்பரத்தில், நம் பள்ளி மேடைக்குப் பின்னால் நாம் இருவரும் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. என்னை வெட்டிவிட்டு உங்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படம் நம் ஆசிரியர் வாட்ஸப் குழுவைத் தவிர வேறெங்கும் போனதில்லை. அப்படியானால் இதைச் செய்த கை நம் ஆசிரியர் அறையில் டீ டம்ளரைப் பிடிக்கிற கைகளில் ஒன்று. நல்லது செய்வதாக நினைத்துச் செய்தார்களா, வேறு ஏதாவதா, இன்றுவரை தெரியாது. நேற்று எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லோரும் என்னை நலம் விசாரித்தார்கள்.

ஊடகக் கல்விப் பயிற்சிக்கு நம் இருவரையும் வெளியூருக்கு அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா? ஒரு செய்தி வந்தால் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். சொன்னவர் யார், அவர் அந்தத் துறைக்காரரா, படம் உண்மையா, மொழி பிழையில்லாமல் இருக்கிறதா, பயமுறுத்தி அவசரப்படுத்துகிறதா. தமிழ் ஆசிரியைக்கு இது போதாதா? நான் அழகாக எழுதிக்கொண்டேன். நீங்கள் எழுதவில்லை. திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் சொன்னீர்கள்: "இந்த அஞ்சிலயும் பாஸ் ஆவுற மாதிரி ஒரு பொய்யை நானே எழுதிக் குடுப்பேன் டீச்சர். விஷயம் தெரிஞ்சாத்தான் பிடிக்க முடியும்."

செல்வி போனை எடுக்காத நேரத்தில் அந்த ஐந்து கேள்விகளையும் இந்தச் செய்தியிடம் கேட்டுப் பார்த்தேன். சொன்னவர் நீங்கள். வேதியியல்காரர். படம் உண்மை, சாட்சி என் சேலையே. மொழியில் ஓர் ஒற்றுப் பிழைகூட இல்லை. பயமுறுத்தவும் இல்லை. எல்லாவற்றிலும் தேறிவிட்டது. அது பொய் என்று எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் அந்த ஐந்தில் எதுவும் இல்லை. பள்ளியில் ஒரு நாள் கழிப்பறை கழுவுகிற அம்மா இந்த இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றப் போனதைக் கண்டு நீங்கள் ஓடிய ஓட்டம்தான் காரணம். வாளியைப் பிடுங்கி வெளியே வைத்துவிட்டு, மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "தனித்தனியா ரெண்டும் நல்லதுதான். ரெண்டும் சேந்தா குளோரின் கெளம்பும். மூச்சடைச்சிடும்," என்றீர்கள். சாப்பாட்டு வேளையில், அது ஏன் என்று எனக்குப் புரிகிறவரை விடவில்லை.

செல்வி எடுத்தாள். பவுடரை வாளியில் கரைத்து வைத்துவிட்டு ஆசிட் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாளாம். பாத்ரூம் கதவு சாத்தியிருந்ததில் போன் அடித்தது கேட்கவில்லையாம். ஊற்றாதே என்றேன்.

"என்னா அண்ணி, உங்க டீச்சரே சொல்லியிருக்காங்க. போட்டோ கூட இருக்குது."

அவர்கள் இறந்து பத்து மாதமாகிறது என்றேன்.

"அதுக்கு முன்னாடி சொல்லியிருப்பாங்க."

அவர்களோடு எத்தனை வருடம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன், அவர்கள் அப்படிச் சொல்லவே மாட்டார்கள் என்றேன். அவள் மசியவில்லை. "நீங்க தமிழ் டீச்சர்தானே அண்ணி, கெமிஸ்ட்ரியில உங்களுக்கு என்னா தெரியும்?" என்றாள்.

கோபம் வந்தது, மறைப்பானேன். ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை. உங்கள் பெயரை விட்டுவிட்டு, நீங்கள் எனக்குப் புரிய வைத்ததை மட்டும் சொன்னேன். எதில் எது இருக்கிறது, சேர்ந்தால் எது பிரிந்து வரும், சாத்திய அறையில் அது நெஞ்சை என்ன செய்யும் என்று சொன்னேன். நடுவில் அவள் ஒரு கேள்வி கேட்டாள், அதற்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பாட்டில் மூடியைத் திருகி மூடும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, "அப்ப யாரைத்தான் அண்ணி நம்பறது?" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்கு ரேஷன் அரிசியை நினைவூட்டியது. அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்று பிள்ளைகள் ஒரு வீடியோவோடு வந்தார்களே. நானாக இருந்தால் பொய்ச் செய்தி என்று பலகையில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். நீங்கள் மறுநாள் வீட்டிலிருந்து ரேஷன் அரிசியை எடுத்து வந்து, நிறம் மாறித் தெரிந்த மணிகளைப் பொறுக்கிக் கரண்டியில் போட்டுக் கருக்கினீர்கள். சோறு தீய்ந்த வாசனைதான் வந்தது. அதோடு நிற்கவில்லை. "நீங்க சந்தேகப்பட்டது பாதி சரி," என்று பிள்ளைகளிடம் சொன்னீர்கள். அந்த மணிகள் வயலில் விளைந்தவை அல்ல, அரிசி மாவோடு இரும்புச் சத்து சேர்த்து மிஷினில் மணியாகப் பிழிந்தவை என்று விளக்கினீர்கள். ஒருத்தி, சத்து எவ்வளவு சேர்க்கிறார்கள் என்று கேட்டாள். தெரியாது, படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றீர்கள். வந்து சொன்னீர்கள்.

இன்று ஊடக வகுப்பில், உங்கள் பெயரையும் படத்தையும் மறைத்து, சொன்னவர் வேதியியல் ஆசிரியை, படம் உண்மை என்று மட்டும் சொல்லி, அந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஐந்து கேள்விக்கும் விடை சரியாகச் சொல்லி, நம்பலாம் என்று கை தூக்கினார்கள். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சாரை உள்ளே கூப்பிட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, இதை யாராவது செய்துவிட்டார்களா என்றுதான் முதலில் கேட்டார். அந்த நிமிடமே அவரை என் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

இப்போது இந்த மடலையே சந்தேகத்தோடு படித்துப் பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்டில் சொன்னதாக எழுதியிருக்கிறேனே, அதை அப்படியேதான் சொன்னீர்களா, நான் அழகுபடுத்திவிட்டேனா? நீங்கள் இல்லாத துணிச்சலில் நானும்தானே உங்கள் வாயில் வார்த்தை வைக்கிறேன். ஆசிட் பற்றிச் சொன்னதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைச் சொன்னது நீங்கள் இல்லையென்றாலும் அது சரிதான்.

எழுதியதைக் குழுவில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த முழுப் படத்தையும், நாம் இருவரும் நிற்பதை, மேலே வைக்க எடுத்துவிட்டேன். பிறகு, படத்தைப் பார்த்து யாரும் இதை நம்பிவிட வேண்டாம் என்று வைக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இதைப் படித்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதெல்லாம் நான் எப்ப டீச்சர் சொன்னேன்?" என்று கேட்டிருப்பீர்கள். ஒருமுறை கேட்டுவிட மாட்டீர்களா என்றிருக்கிறது.