ஈரத்துணி மூடிய முகம்

அறந்தாங்கி

அன்பு மகள் ஹரிணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, பரோடாக் குளிரில் பிடித்த உன் இருமலும் இதற்குள் விட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அன்று போனில் சிலை என்னாச்சு என்று நீ கேட்டபோது, களிமண் உருவத்துக்கு அச்சு எடுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. சிலைக்குரியவரின் மனைவி செங்கமலத்திடமும் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

பத்து வருடமாகப் போட்டோவைப் பார்த்து, கையை உயர்த்திய தலைவர் சிலைகளையே செய்து வந்தவள் நான். இரண்டு வருடம் முன்பு கடலில் காணாமல்போன திருமுருகனுக்குத் துறைமுகத்தில் சிலை வைக்க வேண்டும் என்று ஜெகதாப்பட்டினத்துப் படகுக்காரர்கள் வந்தபோது, இத மட்டும் விட்றாதீங்கம்மா என்றாய் நீயும். கையைத் தாழ்த்தி, உட்கார்ந்து வலை பின்னுகிற ஒரு சாதாரண மனிதனைப் பொது இடத்தில் வைக்கக் கிடைத்த முதல் வேலை. போட்டோ வேண்டாம் என்று அவர் தம்பி நாகராசுவை அதேபோல் உட்காரச் சொன்னேன். அவனுக்கு ஒரு மணி நேரம் தாங்கவில்லை, எங்கண்ணன் இம்புட்டு நேரம் ஒரே எடத்துல உக்காந்திருந்தா மதினி தலையில தண்ணிய ஊத்தியிருக்கும்க்கா என்று சிரித்தான். வழக்கம்போல் முதலில் கைகள், பிறகு முகம், எல்லாவற்றுக்கும் கடைசியில் கண்.

கண் முடித்த மறுநாள் திருமுருகனின் மனைவி செங்கமலம் மீன்கூடையோடு கொட்டகைக்கு வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எடது தோளு இன்னுங் கொஞ்சம் எறங்கியிருக்கும்ங்க என்றார். அமுக்கினேன். ஆங், அதேதான் என்று களிமண் தோளில் கை வைத்தபடி நின்றார். பிறகு மண் காயாமலிருக்க ஈரத்துணி போட்டிருந்த முகத்தைக் காட்டி, கண்ணு தொறந்தாச்சாங்க என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், தொறந்துறாதீங்க, ஆளுதான் இன்னுங் கெடைக்கலையே, செலைய வச்சுட்டா நாளைக்கு அவரு வந்து எங்கிட்டு நிப்பாரு என்றார். கழுத்தில் தாலி இருந்தது. நேற்றே திறந்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை, துணியையும் எடுக்கவில்லை. தம்பியை நாள் கணக்கில் உட்காரவைத்த நான் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவர் போனபிறகுதான் உறைத்தது.

அன்று சாயங்காலமே கண்களைத் தேய்த்து மூடினேன். படகுக்காரர்களிடம் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன், அவர்களுக்குக் கோபம்தான். உருவத்தைக் கலைத்த மண் இரண்டு மாதமாகத் தொட்டியில் ஊறுகிறது. எனக்கு வருத்தம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீ யாரையாவது செய்ய உட்காரும்போது, அவருக்காக யாராவது காத்திருக்கிறார்களா என்று முதலில் விசாரித்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, மண் பிசைந்த கையோடு கண்ணைக் கசக்காதே. மண் சீவும் கம்பிக்கத்தி கேட்டிருந்தாயே, ஹாஸ்டல் முகவரியைப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பு. எடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூடட்டும், தாயி.

உன் அம்மா,
பிரகதீஸ்வரி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் நாகராசு போன் செய்தான். விராலிமலைப் பக்கம் ஒருவரிடம் செய்து வாங்கி, வெள்ளிக்கிழமை சிலையைத் திறந்துவிட்டார்களாம். வலது கை உயர்ந்திருக்கிறதாம். செங்கமலம் அன்றிலிருந்து மீன் எடுக்க ஜெகதாப்பட்டினம் வருவதில்லை, கட்டுமாவடிக்குப் போகிறாராம்.